ஸ்ரீரங்கம் டாக்டர் மறுபடியும் மாணவரான கதை



முதல் செமஸ்டரின் முதல் மூன்று வாரம் நம்மில் யாருக்குத்தான் மறக்கும்? ஹாஸ்டல் ரசம், டிராயிங் ஹாலில் உடையும் பென்சில் முனை, காதில் விழுந்தும் மண்டையில் ஏறாத இங்கிலீஷ். எங்க வீட்ல எனக்கு முன்னாடி யாரும் காலேஜ் படி ஏறினதில்லை. அதனால யார்கிட்டயும் கேட்கவும் முடியல. பெட்டியைக் கட்டி வைத்தவர்களில் நானும் ஒருவன். அப்போது யாராவது டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் கதையைச் சொல்லியிருந்தால் பெட்டியைத் திரும்ப அவிழ்க்க அத்தனை நாள் ஆகியிருக்காது.

ராஜன் நம்ம பக்கத்து ஊர்க்காரர். 1880-ல் ஸ்ரீரங்கத்தில் ஆசாரமான வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை ராயபுரம் மருத்துவப் பள்ளியில் படித்தார். கவனியுங்கள், காலேஜ் இல்லை, பள்ளி. அந்தக் காலத்தில் மெடிக்கல் காலேஜில் படித்தால் பட்டம். மருத்துவப் பள்ளியில் படித்தவர்களுக்கு அதற்கு ஒரு படி கீழேதான் மரியாதை. பி.இ.க்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

படிப்பு முடிந்ததும் பர்மா போய் டாக்டராக வேலை பார்த்தார். அப்போது பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவில் சேர்ந்தது. நம்ம ஊர் ஜனங்கள் ரங்கூனில் நிறையப் பேர். வேலை இருக்கு, டாக்டர் என்ற பெயர் இருக்கு. அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. 1907-ல், 27 வயதில், லண்டனுக்குக் கப்பல் ஏறி மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார்.

அந்த ஆரம்ப நாட்கள் எப்படிப்பட்டவை என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடல் தாண்டினாலே தோஷம் என்று பெரியவர்கள் சொன்ன காலம் அது. லண்டன் மருத்துவப் பள்ளிகளில் வகுப்பு அக்டோபரில் ஆரம்பிக்கும். அங்கே சரியாகக் குளிர் தொடங்கும் நேரம். டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். அங்கத்திய வாடகை அறைகள் பலவற்றில் கேஸ் அடுப்பு எரியணும்னா மீட்டரில் ஒரு பென்னி காசு போடணும், காசு தீர்ந்தா கணப்பும் போச்சு. காவிரியில் முங்கி எழுந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! சாப்பாட்டு மேஜையில் ரொட்டி, வெந்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், மிச்சமெல்லாம் மாமிசம். வகுப்பிலோ பிணத்தை அறுத்துப் பார்க்கணும். மடி ஆசாரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதில் எது சுலபம்? கூடப் படிக்கிறவர்களுக்கு இங்கிலீஷ் தாய்மொழி வேறு.

ஆனால் தமிழ்க் குரல் ஒன்று இருந்தது. வரகனேரி வ.வே.சு. ஐயர், நம்ம செயின்ட் ஜோசப் காலேஜில் படித்தவர், பாரிஸ்டர் படிப்புக்காக லண்டனில் இருந்தார். வரகனேரிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் காவிரிதான். ஹைகேட் பகுதியில் ஷ்யாம்ஜி கிருஷ்ணவர்மா 1905-ல் மாணவர்களுக்காகத் திறந்த இந்தியா ஹவுஸ் என்ற விடுதிதான் இவர்கள் கூடும் இடம். சாவர்க்கரும் அங்கேதான். படிக்க வந்த இடத்தில் ராஜனுக்கு அரசியலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது.

அது ஆபத்தான சகவாசம். 1909 ஜூலை 1-ஆம் தேதி மதன்லால் திங்க்ரா என்ற இஞ்சினியரிங் மாணவர் கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். அடுத்த மாதமே அவருக்குத் தூக்கு. இந்திய மாணவர்களைப் போலீஸ் நிழல் மாதிரி தொடர்ந்தது.

அந்த வருஷம் அக்டோபர் 24, விஜயதசமி விருந்து. தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்காக வாதாட லண்டன் வந்திருந்த காந்தியைத் தலைமை தாங்கக் கூப்பிட்டிருந்தார்கள். சைவச் சாப்பாடாக இருக்கணும் என்பது அவர் போட்ட நிபந்தனைகளில் ஒன்று. அதனால் மாணவர்களே சமைத்தார்கள். ஒல்லியான ஒருத்தர் முன்கூட்டியே வந்து சமையல் கட்டில் புகுந்து, தட்டு கழுவி, காய் நறுக்கிக் கொண்டிருந்தார். யாரோ உதவிக்கு வந்தவர் என்று விட்டுவிட்டார்கள். ஐயர் வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, அவர்தான் தலைமை விருந்தினர்! 'நினைவு அலைகள்' எழுதிய ராஜனே பின்னாளில் சொன்ன சங்கதி இது. இப்போது எந்த விழாவில் தலைமை விருந்தினர் தட்டு கழுவுகிறார், சொல்லுங்க.

1910 மார்ச்சில் சாவர்க்கர் கைதானார். ஐயர் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிப் புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். விடுதியும் மூடியாச்சு. ஆரம்பத்தில் கைகொடுத்த வட்டமே கலைந்து போன அந்த ஊரில் ராஜன் இருந்து படித்து 1911-ல் எம்.ஆர்.சி.எஸ். வாங்கினார். இதில் ஒரு வேடிக்கை. எம்.ஆர்.சி.எஸ். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் பரீட்சை வைத்துக் கொடுப்பது. அதற்கு அந்த நாட்டிலேயே பெயர் டிப்ளமோதான்!

அப்புறம் அவர் திருச்சியில் பெயர் பெற்ற சர்ஜன். 1937-ல் ராஜாஜி மந்திரி சபையில் சுகாதார மந்திரி. 1953-ல் காலமானார். அவர் படித்த மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியையும் 2005-ல் மூடிவிட்டார்கள்.

மந்திரி ஆவதற்கு ஏழு வருஷம் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1930 ஏப்ரல் 13, தமிழ் வருஷப் பிறப்பு. ராஜாஜியும் சுமார் நூறு தொண்டர்களும் உப்பு எடுக்க வேதாரண்யத்துக்கு நடந்தே கிளம்பினார்கள். கட்டளை காந்தியுடையது. கிளம்பிய இடம், திருச்சி கன்டோன்மென்ட்டில் டாக்டர் ராஜன் வீடு.