கோவைக் கரும்பும் ஜானகி அம்மாளும்

கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் கலியாணம் செய்து வைக்க முடியுமா? முடியும் என்று கோயமுத்தூரில் செய்து காட்டினார் ஒரு பெண்மணி. அவர்தான் டாக்டர் ஜானகி அம்மாள்.

1897-ல் தலைச்சேரியில் பிறந்தவர். சென்னையில் கல்லூரிப் படிப்பு. பிறகு உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

1934-ல் கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். இனிப்புக் கரும்பையும் காட்டு நாணலையும் இணைத்துப் புதுக் கரும்பு கண்டு, அந்த நிலையம் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தது. செடியின் உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோம் என்னும் நுண்ணிய துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் எண்ணுவது அம்மையாரின் வேலை. இனிப்புக் கரும்பில் 80 உண்டு. நாணலிலோ வகைக்கு வகை வேறுபடும். 40 முதல் 128 வரை போகும். கண் நோகும் வேலை! கரும்பு–மக்காச்சோளக் கலப்பு பற்றிய அவரது கட்டுரை 1938-ல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியாயிற்று.

ஆனால் இப்படித் தூரத்து இனங்கள் கூடிப் பிறக்கும் செடி பெரும்பாலும் மலடு. விதை பிடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஜோடி வேண்டும். ஜோடிக்கு எங்கே போவது?

உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய இழைகள் தோன்றி, இரட்டித்த குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்கின்றன. கோல்சிசின் என்ற நஞ்சைத் தடவினால் இழைகள் உருவாவதில்லை. இரட்டித்தவை ஒரே அணுவில் தங்கிவிடும். ஜோடியும் கிடைத்துவிடும்! இந்த வித்தை 1937-ல் அமெரிக்காவில் தெரியவந்தது. மூலனூர், தாராபுரம் பக்கத்துக் குடியானவர்கள் பயிரிடும் கண்வலிக்கிழங்கில் இருப்பதும் இதே நஞ்சுதான்.

அந்த இழை உண்மையில் ஒரு குழல். ஆலைப் புகைபோக்கியைச் செங்கல் செங்கலாக அடுக்குவதுபோல், டியூபுலின் என்ற புரதம் அடுக்கி எழுந்தது. எங்கே தொடங்குவது, எப்போது பிரிப்பது என்று மேஸ்திரி வேலை பார்க்கவும் வேறு புரதங்கள் உண்டு. நஞ்சு ஒட்டிய செங்கல்மீது அடுத்த செங்கல் சரியாக உட்காராது. கோல்சிசின் எதில் ஒட்டுகிறது என்று தேடிப் போய்த்தான், 1967-ல் சிக்காகோவில் அந்தப் புரதத்தைப் பிடித்தார்கள்.

1939-ல் எடின்பரோ மாநாட்டுக்குப் போன அம்மையார், யுத்தம் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கினார். டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் கணக்கை 1945-ல் பெரும் நூலாக வெளியிட்டார். பிறகு விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கோல்சிசின் இட்டு வளர்த்தார். ஒரு வெள்ளை மலர் வகைக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

1951-ல் நேரு அழைக்க, தாயகம் திரும்பித் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைத்தார். 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஓய்வு பெற்றும் ஓயவில்லை. 1984 பிப்ரவரியில் 86-ம் வயதில் காலமாகும்வரை, சென்னையை அடுத்த மதுரவாயலில் செடிகளோடுதான் இருந்தார்.