ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே மனிதர்

நமது பங்கின் ஜூபிலி மலரில் விருதுநகர் மண்ணின் மைந்தராகிய பெருந்தலைவர் காமராசருக்கு ஒரு பக்கம் ஒதுக்க விரும்பினோம். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் தீப்பெட்டியையும் பட்டாசையும் நம்பி வாழும் இப்பகுதியில், ஒரு பருவம் கை நிறையவும் மறு பருவம் கை வெறுமையாகவும் காணும் குடும்பங்களுக்கு அவருடைய வாழ்வு அந்நியமானதன்று.

1903ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள், விருதுபட்டி என்று அன்று வழங்கிய நம் ஊரில், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்றனர். தாய் ராஜா என்று அழைத்தார். இரண்டும் சேர்ந்து காமராஜா ஆயிற்று. ஆறு வயதளவில் தந்தையை இழந்தார். க்ஷத்திரிய வித்தியாசாலையில் தொடங்கிய படிப்பும் பாதியில் நின்றது. மாமாவின் ஜவுளிக் கடையில் அமர்த்தினார்கள். கை துணியை அளந்தது. காதோ மைதானத்துப் பொதுக்கூட்டத்தில் இருந்தது. ஊரைவிட்டு அகற்றினால் திருந்துவான் என்று எண்ணி, திருவனந்தபுரத்தில் இருந்த மற்றொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடம் வைக்கம் சத்தியாக்கிரகம்!

1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு அலிப்புரம் சிறை சென்றார். பின்னும் பலமுறை சிறை. மொத்தம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். 1941இல் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும் நகராட்சிக்குச் சென்று அந்த நாற்காலியில் அமர்ந்தார். முழு நேரமும் உழைக்க இயலாத பதவி தமக்கு வேண்டாமென்று உடனே விலகியும் விட்டார். பதவியை விடும் பழக்கம் அவருக்கு அன்றே வந்துவிட்டது போலும்.

1954 ஏப்ரல் 13இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். தலைமைப் போட்டியில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தம் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். வென்றவன் இப்படி நடந்துகொள்வது அரிது. தாம் இழந்த பள்ளிப் படிப்பை மற்றப் பிள்ளைகள் இழக்கக்கூடாதென்று ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். மதிய உணவும் கொடுத்தார். பசியோடு வேலைக்குப் போக வேண்டிய எத்தனை பிள்ளைகள் அந்தச் சோற்றுக்காகப் பள்ளி வாசலை மிதித்தார்கள் என்பதை இவ்வூர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இவ்வளவு உயர்ந்த பின்னும் தாய் சிவகாமி அம்மாள் விருதுநகர் வீட்டிலேயே இருந்தார். சென்னைக்கு அழைத்து வைத்துக்கொண்டால் உறவினர் கூட்டம் பின்தொடரும், சிபாரிசு தொடங்கும் என்று மகன் அஞ்சினார். மாதச் செலவுக்கு அளவான பணம் மட்டுமே வந்தது. இதை எல்லோரும் புகழ்கிறோம். ஆனால் திருமணமே செய்துகொள்ளாத ஒரே மகனைப் பத்திரிகைப் படத்தில் பார்த்துக்கொண்டு முதுமையைக் கழித்த அந்தத் தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! மகனுடைய நேர்மைக்கு விலையில் பாதியைக் கொடுத்தவர் அவரே என்பது நம் எண்ணம்.

1963 அக்டோபர் 2ஆம் நாள், கட்சிப் பணிக்காக மூத்தவர்கள் பதவி துறக்க வேண்டுமென்ற தம் திட்டத்தின்படி, முதலமைச்சர் பதவியைத் தாமே விட்டிறங்கினார். அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார். 1964இல் நேரு மறைந்தபின் லால் பகதூர் சாஸ்திரியும், 1966இல் இந்திரா காந்தியும் பிரதமராவதற்கு அவர் கையே முன்னின்றது. அந்த நாற்காலியைத் தமக்கென்று நாடவில்லை.

அடுத்த ஆண்டே சொந்த ஊர் அவரைக் கைவிட்டது. 1967 தேர்தலில் விருதுநகர்த் தொகுதியில், பெ. சீனிவாசன் என்ற இளம் மாணவர் தலைவரிடம் ஆயிரத்து முந்நூறுக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். பிரதமர்களை உருவாக்கியவர் பிறந்த மண்ணில் தோற்றார் என்ற செய்தி நாட்டையே திகைக்க வைத்தது. தொண்டர்கள் அழுதார்கள், ஆத்திரப்பட்டார்கள். அவரோ மக்களைக் குறை கூறவில்லை. தீர்ப்பை ஏற்றுக்கொண்டு மறுபடியும் ஊர் ஊராகச் சுற்றக் கிளம்பினார். 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குச் சென்றார். அதே ஆண்டில்தான் தாயையும் இழந்தார், கட்சியும் பிளந்தது. 1971 தேர்தலில் அவர் மட்டும் நாகர்கோவிலில் வென்றார். அவர் அணி பெருந்தோல்வி கண்டது. ஒன்றன்பின் ஒன்றாக வந்த இந்த அடிகளுக்கிடையே அவருடைய கதர்ச் சட்டையும் மாறவில்லை, பேச்சும் மாறவில்லை, விடியற்காலையில் வந்து நிற்கும் எளியவருக்குக் கதவு திறப்பதும் மாறவில்லை.

1975 அக்டோபர் 2, காந்தியடிகள் பிறந்த நாளன்று, சென்னை திருமலைப்பிள்ளை சாலையிலுள்ள வாடகை வீட்டில் உயிர் பிரிந்தது. சொத்தென்று சொல்லத் தேடியபோது அகப்பட்டவை சில கதராடைகளும் புத்தகங்களும் சொற்பப் பணமுமே. 1976இல் பாரத ரத்னா விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. அந்த வாடகை வீடும், சிவகாமி அம்மாள் காத்திருந்த விருதுநகர்ச் சிறு வீடும் இப்போது அரசின் நினைவு இல்லங்கள்.