அன்னம் அளித்த அன்னை: தரிகொண்டா வெங்கமாம்பா

திருமலையில் தரிசனம் முடிந்த பக்தர்கள் பலர் அடுத்து நாடிச் செல்வது அன்னப்பிரசாதக் கூடத்தையே. நான்கு பெரிய கூடங்களில், ஒரே வேளையில் சுமார் 4,000 பேர் அமர்ந்து உண்ணும் வசதி அங்குண்டு. 2011-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த வளாகம் மாத்ருஸ்ரீ தரிகொண்டா வெங்கமாம்பாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழகத்திலிருந்து சென்று அங்கே பசியாறித் திரும்புவோரில் பலருக்கு அந்த அன்னை யாரென்று தெரியாது. தெலுங்கு மக்கள் அவரைக் கவியாகவும் யோகினியாகவும் போற்றுகின்றனர். மங்கல விருந்துகளில் இடம் மறுக்கப்பட்ட நிலையில் வாழ வேண்டியிருந்த ஒரு பெண்மணியின் பெயரால் இன்று நாள்தோறும் பல்லாயிரம் பேருக்கு விருந்து நடக்கிறது. அவரது வாழ்வின் பொருளை இந்த ஓர் உண்மையே உணர்த்திவிடும்.

தயிர்ப் பானையின் ஊர்

பழைய சித்தூர் மாவட்டத்தில், குர்ரம்கொண்டா கோட்டைக்கு அருகில் உள்ள சிற்றூர் தரிகொண்டா. அங்கே 1730-ஆம் ஆண்டு, கிருஷ்ணய்யா, மங்கமாம்பா தம்பதியரின் மகளாக வெங்கமாம்பா பிறந்தார். ஊரின் பெயரே உணவோடு தொடர்புடையது. தரிகுண்டா என்றால் தயிர் கடையும் பானை. தயிர் கடைந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் பானையில் லக்ஷ்மி நரசிம்மர் வெளிப்பட்டார் என்பது தலவரலாறு. அந்த நரசிம்மரே வெங்கமாம்பாவின் இளமைக்காலத் தெய்வம்.

தெற்கே தமிழக, கர்நாடக எல்லைகளை ஒட்டிய குப்பம், குடுபல்லி தொடங்கி, வடக்கே மதனப்பள்ளி, தரிகொண்டா வரை நீளும் அந்த மேட்டுநிலம் வானம் பார்த்த பூமி. ஏரி நிரம்பினால் நெல். இல்லையேல் கேழ்வரகும் பிற புன்செய்த் தானியங்களுமே விளைச்சல். உழைக்கும் மக்களின் அன்றாட உணவு கேழ்வரகுக் களி. நெற்சோறு அவர்களுக்கு விழா நாளின் உணவு. அந்த நூற்றாண்டில் அப்பகுதி கடப்பை நவாப், மராட்டியர், ஹைதர் அலி என்று பலர் கைக்கு மாறியது. மழை பொய்ப்பதாலும் படைகள் கடந்து செல்வதாலும் பசி வந்தது. ஒரு பிடி சோற்றின் மதிப்பை அந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

மறுக்கப்பட்ட மங்கலம்

அக்கால வழக்கப்படி வெங்கமாம்பாவுக்குச் சிறுவயதிலேயே திருமணம் நடந்தது. கணவர் வேங்கடாசலபதி விரைவிலேயே காலமானார். உலகம் அறியாத பருவத்திலேயே அவர் விதவையானார்.

அன்று அத்தகைய குடும்பங்களில் கணவனை இழந்த பெண்ணின் வாழ்க்கை எப்படியிருந்தது என்பதை இன்றைய தலைமுறை நினைத்துப் பார்ப்பது கடினம். தலைமுடியை மழித்துவிட வேண்டும். பூவும் பொட்டும் கூடாது. உணவிலும் கட்டுப்பாடு உண்டு. நாளுக்கு ஒருவேளை உணவு. சுவையான பண்டங்களுக்கு விலக்கு. திருமணம், சீமந்தம் போன்ற மங்கல நிகழ்ச்சிகளின் பந்தியில் இடமில்லை. எதிரில் வந்தாலே அபசகுனம் என்று ஒதுக்கப்பட்ட நிலை அது.

வெங்கமாம்பா இதற்கு இணங்கவில்லை. வேங்கடவனே தமக்கு நாயகன் என்றும், அழிவற்றவனை மணந்தவளுக்குக் கைம்மை இல்லை என்றும் உறுதியாக நின்றார். கூந்தலை மழிக்க மறுத்தார். மங்கலச் சின்னங்களைத் துறக்கவும் மறுத்தார். ஊரார் ஏசினர், உறவினர் வருந்தினர். அவர் யாரோடும் வாதிடவில்லை. மதனப்பள்ளியில் வாழ்ந்த சுப்பிரமண்யர் என்ற ஆசாரியரை அடைந்து யோகமும் வேதாந்தமும் பயின்றார். நரசிம்மர் ஆலயத்தில் ஆஞ்சநேயர் திருவுருவத்தின் பின்னே அமர்ந்து நெடுநேரம் தியானிப்பது அவரது வழக்கம். அங்கிருந்து அர்ச்சகர் அவரைக் கூந்தலைப் பற்றி இழுத்து வெளியேற்றியதாக அவரது வரலாறு கூறுகிறது. அதன்பின் அவர் திருமலையை நோக்கிப் புறப்பட்டார்.

மலையில் பெற்ற இடம்

திருமலையில் ஹாதிராம்ஜி மடத்தாரும், அன்னமாசார்யரின் வழிவந்த தாள்ளபாக்கக் குடும்பத்தாரும் அவரை ஆதரித்தனர். அவர் துளசி வனம் வளர்த்தார், பாடினார், எழுதினார். அங்கும் எதிர்ப்பு எழுந்தபோது மலைக்காட்டிலுள்ள தும்புரு கோனைக்குச் சென்று சில ஆண்டுகள் தனிமையில் தவமியற்றினார் என்பர். திரும்பி வந்தபோது மலையில் அவரை மதிப்போர் பெருகியிருந்தனர்.

அவரது நூல்கள் பல. வேங்கடாசல மாஹாத்மியம் அவற்றுள் புகழ்பெற்றது. தமிழில் ஞானவாசிட்டம் என்று வழங்கும் அத்வைத நூலின் பொருளை, வாசிஷ்ட ராமாயணம் என்ற பெயரில் எளிய தெலுங்கு ஈரடிச் செய்யுளில் பாடினார். யட்சகானம் என்னும் இசை நாடகங்களையும் இயற்றினார்.

திருமலையில் நாளின் இறுதி வழிபாடான ஏகாந்த சேவையில் தாள்ளபாக்கத்தாரின் தாலாட்டும், வெங்கமாம்பாவின் பெயரால் முத்து ஆரத்தியும் இன்றும் நடைபெறுகின்றன. மங்கல நிகழ்ச்சிக்கு ஆகாதவர் என்று ஊர் ஒதுக்கியவரின் ஆரத்தியோடுதான் திருமலையப்பனின் ஒவ்வொரு நாளும் நிறைவுறுகிறது.

பசித்தவர்க்கு அன்னம்

திருமலையில் அன்னமளிக்கும் மரபு வெங்கமாம்பாவுக்கு முற்பட்டது. மலைக்கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் பல, நைவேத்தியத்திற்கென விடப்பட்ட கொடைகளைப் பற்றியவை. படைத்த பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு கொடையாளிக்கு உரியது. அதற்கு விட்டவன் விழுக்காடு என்று பெயர். விஜயநகரக் காலத்தில் அந்தப் பங்கைச் சிலர் தாம் பெறாமல், யாத்திரிகர்களுக்கு உணவிடும் இராமானுஜ கூடங்களுக்கு அளித்தனர். இறைவன் உண்டது ஏழையின் கைக்கும் செல்லும்படி செய்த ஏற்பாடு அது.

அந்தப் பேரரசு மறைந்தபின் பழைய அறங்கள் பல தளர்ந்தன. வெங்கமாம்பாவின் காலத்தில் கோயில் வருவாய் ஆர்க்காட்டு நவாபின் ஆளுகையில் இருந்தது. 1801-இல் அது கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்றது. யாத்திரிகர்களின் வருகை மட்டும் குறையவில்லை. அன்று மலைக்கு வண்டிப்பாதை கிடையாது; முதல் மலைச்சாலை 1944-இல்தான் திறக்கப்பட்டது. அலிபிரியிலிருந்து ஏறக்குறைய 3,500 படிகளை ஏறியே வரவேண்டும். கட்டிக்கொண்டு வந்த சோறு வழியிலேயே தீர்ந்துவிடும். களைத்து மேலே வந்து சேரும் ஏழைக்கு முதல் தேவை தண்ணீர், அடுத்தது அன்னம்.

இந்தத் தேவையை வெங்கமாம்பா கண்டார். நரசிம்ம ஜயந்தியை ஒட்டித் தண்ணீர்ப்பந்தல் அமைத்து அன்னதானம் செய்தார் என்று மரபு கூறுகிறது. அது கோடையின் கடுமை மிக்க காலம். அவருக்கென்று சொத்து இல்லை. அன்பர்களும் ஊர்த் தலைவர்களும் அளித்த கொடைகளே முதல். அரிசியோ பருப்போ கீழிருந்து மேலே வரவேண்டுமானால் மனிதர் தலையிலோ தோளிலோதான் வரவேண்டும். அத்தகைய இடத்தில் ஓர் இலைச் சோறு என்பது பலருடைய உழைப்பின் திரட்சி. இளமையில் தமக்கென்று ஒரு பந்தியில்லாத நிலையைக் கண்டவர், முதுமையில் யாரும் விலக்கப்படாத பந்தியை விரித்தார்.

சமையலும் சாதனையே

ஞானநூலை எழுதிய கை சோற்றையும் அள்ளி இடுவது சிலருக்கு முரணாகத் தோன்றலாம். வேதாந்தம் அப்படிக் கருதவில்லை. தைத்திரீய உபநிஷதத்தில் பிரம்மத்தை நாடித் தவமிருக்கும் பிருகு, முதலில் அன்னத்தையே பிரம்மமாகக் காண்கிறார். பிறகு பிராணன், மனம், அறிவு ஆகியவற்றைக் கடந்து ஆனந்தத்தை அடைகிறார். அந்த நிலையைச் சொன்ன பின்னரும் உபநிஷதம் அன்னத்திடம் திரும்பி வருகிறது. அதைப் பழிக்கலாகாது, பெருக்க வேண்டும், வந்தவரைத் திருப்பி அனுப்பலாகாது என்று விரதம் விதிக்கிறது. மேலே சென்றவர் கீழ்ப்படியை இகழ்வதில்லை. அங்கே நிற்பவருக்குக் கைகொடுக்கிறார். தமிழர்களுக்கு இது புதிதன்று. துறவுக் கோலத்தில் அமுதசுரபி ஏந்திய மணிமேகலையை நம் இலக்கியம் முன்பே கண்டிருக்கிறது.

அன்னதானம் பிற தானங்களிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. பொன்னோ பொருளோ பெறுபவன் இன்னும் வேண்டும் என்பான். வயிறு நிறைந்தவன் மட்டுமே போதும் என்று மனமாரச் சொல்கிறான். கொடுப்பவருக்கு இதில் ஒரு பயிற்சியும் உண்டு. பசித்தவனின் குலம், தகுதி, ஒழுக்கம் ஆகியவற்றை விசாரித்தபின் சோறிடுவது தீர்ப்பு வழங்குவதாகும், தானமாகாது. பிறர் தீர்ப்புகளுக்கு ஆளாகியே வாழ்ந்த வெங்கமாம்பாவுக்கு இது அனுபவத்தில் விளைந்த ஞானமாகவே இருந்திருக்கும்.

அணையாத அடுப்பு

1817-இல் வெங்கமாம்பா திருமலையிலேயே சமாதியடைந்தார். அவரது பிருந்தாவனம் இன்றும் அங்குள்ளது. 1985-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நித்திய அன்னதானத் திட்டத்தைத் தொடங்கியபோது, நாளொன்றுக்கு 2,000 பேருக்கு உணவு அளிக்கப்பட்டது. இன்று அது பல்லாயிரமாகப் பெருகியுள்ளது. 2002-இல் சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கிச் சமைக்கும் முறையும் அங்கே நிறுவப்பட்டது. விறகு நீராவியாக மாறியது. தலைச்சுமை வண்டிச்சுமையாக மாறியது. செல்வந்தரும் கூலித்தொழிலாளியும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே உணவை உண்ணும் முறை மாறவில்லை.

கருவறைக்கு முன்னுள்ள குலசேகரப்படியைத் தாண்டி உள்ளே செல்லும் நைவேத்தியம் மண்சட்டியில் வைத்த தயிர்சாதம் மட்டுமே என்பர். ஏழையின் உணவே இறைவனுக்கு நெருக்கமானது என்பதை இது காட்டுகிறது. தயிர்ப் பானையின் பெயர் கொண்ட ஊரில் பிறந்த அன்னை அதை நன்கு அறிந்திருந்தார்.

அவர் நடத்தியதைப் போன்ற அன்னசாலை எல்லோராலும் இயலாது. வீட்டு அடுப்பில் உலை வைக்கும்போது வரக்கூடிய ஒருவருக்கென ஒரு பிடி அரிசியைச் சேர்த்துப் போடுவது எவராலும் இயலும். உண்ணும் இலையில் ஒரு பருக்கையும் வீணாகாமல் காப்பதும், வாசலில் நிற்பவரின் தகுதியை ஆராயாதிருப்பதும் அவ்வாறே இயலும். வெங்கமாம்பாவுக்குச் செய்யும் வழிபாட்டை அந்த ஒரு பிடி அரிசியிலிருந்து தொடங்கலாம்.