நவாநகரின் அப்பா

மதுரையில் மகால் பக்கம் போனால் சௌராஷ்டிர மொழி காதில் விழாமல் இருக்காது. அவர்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியை விட்டுக் கிளம்பி, ஊர் ஊராக நகர்ந்து, கடைசியில் நம்ம ஊரில் தறி போட்டவர்கள். அவங்க கிளம்பி வந்த அதே மண், 1942-ல் வேறு நாட்டுக் குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்தது. அதற்குக் காரணமானவர் நவாநகர் சமஸ்தானத்தின் ஜாம் சாகேப், திக்விஜய்சிங்ஜி.

1895-ல் பிறந்தவர். ரஞ்சி டிராபி பார்க்கிறோமே, அந்த ரஞ்சித்சிங்ஜியின் உடன்பிறந்தவர் மகன். பிறகு அவருக்கே வளர்ப்பு மகன். இங்கிலாந்தில் படித்து, ராணுவத்தில் பணியாற்றி, 1933-ல் அரியணை ஏறினார். ஜாம்நகர்தான் தலைநகர்.

1939 செப்டம்பரில் போலந்தை மேற்கிலிருந்து ஜெர்மனியும் கிழக்கிலிருந்து சோவியத்தும் பிடித்துக்கொண்டன. ஜெர்மனி பிடித்த பகுதியில் ஒரு யூதக் குழந்தை பிழைக்க வேண்டுமானால் யாராவது பரணிலோ நிலவறையிலோ கன்னிமாடத்திலோ ஒளித்து வைக்க வேண்டும். ஒளித்து வைத்தவர் பிடிபட்டால் மரண தண்டனை. சோவியத் பகுதியிலோ லட்சக்கணக்கானோரை ரயிலில் ஏற்றி சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் அனுப்பினார்கள். போலந்துக்காரர்களோடு யூதர்களும் அதில் இருந்தார்கள். குளிர், பசி, டைபஸ் காய்ச்சல் என்று பெற்றோர் பலர் அங்கேயே இறந்துபோனார்கள். ஆனால் விதியைப் பாருங்க: சைபீரியாவுக்குப் போன யூதர்களில் பலர் ஹிட்லரின் கொலைக்கூடங்களிலிருந்து தப்பினார்கள்.

1941-ல் ஜெர்மனி சோவியத்தைத் தாக்கியதும், போலந்துக்காரர்களை விடுவிக்க சோவியத் சம்மதித்தது. அநாதையாக நின்ற குழந்தைகளை எங்கே கொண்டுபோவது? அப்போது ஜாம் சாகேப் தன் கோடைக்கால அரண்மனைக்குப் பக்கத்தில், பாலாச்சடி கடற்கரையில் இடம் தருவதாகச் சொன்னார்.

குழந்தைகள் கப்பலில் வந்து, துறைமுகம் துறைமுகமாக விரட்டப்பட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. உண்மையில் முதல் குழு லாரிகளில் வந்தது. அஷ்காபாத்தில் கிளம்பி, ஈரான் மலைப்பாதைகளைக் கடந்து, குவெட்டா வழியாக பம்பாய் சேர்ந்து, அங்கிருந்து பாலாச்சடி.

முகாமில் 600-க்கும் மேற்பட்ட குழந்தைகள். பெரும்பாலோர் கத்தோலிக்கர், சிலர் யூதர்கள். தங்குமிடம், ஆஸ்பத்திரி, போலந்து மொழியிலேயே பள்ளிக்கூடம். தன்னை பாபு என்று கூப்பிடச் சொன்னார் மகாராஜா. குஜராத்தியில் அப்பா என்று அர்த்தம். அவர்கள் போட்ட நாடகங்களை உட்கார்ந்து பார்த்தார். அங்கே வளர்ந்தவர்கள் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு விஷயம் உண்டு: சாப்பாட்டில் கீரை போட்டதற்குப் பசங்க ஸ்டிரைக் பண்ண, விஷயம் மகாராஜா காதுக்குப் போய், அதோடு கீரை நின்றே போனதாம்!

அந்த அப்பா உறவுக்கு உண்மையான சோதனை போர் முடிந்த பிறகு வந்தது. போலந்தில் சோவியத் ஆதரவு அரசு அமைந்து, குழந்தைகளைத் திருப்பி அனுப்பச் சொன்னது. யாருமில்லாத குழந்தை என்றால் அரசு சொல்கிற இடத்துக்குப் போய்த்தான் ஆகணும். அப்பா இருக்கிற குழந்தையை அப்படிக் கூப்பிட முடியாது. எனவே முகாமின் போலந்துப் பாதிரியாரோடு சேர்ந்து, அந்த அநாதைகளைச் சட்டப்படி தத்தெடுக்க ஏற்பாடு செய்தார். பாசமாகச் சொன்ன சொல் இப்போது அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பாகவும் ஆனது.

1946-ல் பாலாச்சடி முகாம் மூடப்பட்டு, மீதியிருந்தவர்கள் கோலாப்பூர் அருகே வலிவடே முகாமுக்குப் போனார்கள். பிறகு பல நாடுகளில் குடியேறினார்கள். 1948-ல் சமஸ்தானம் சௌராஷ்டிர மாநிலத்தோடு இணைய, அவர் அதன் ராஜப்பிரமுகர் ஆனார். 1966-ல் காலமானார்.

இன்று பாலாச்சடியில் சைனிக் பள்ளி நடக்கிறது. வார்சாவில் ஒரு சதுக்கத்துக்கு நல்ல மகாராஜா சதுக்கம் என்று பெயர். அவர் பிரிட்டிஷாருக்குக் கட்டுப்பட்ட ஒரு சமஸ்தானத்தின் ராஜாதான். உலகப்போரை நிறுத்துகிற பலம் அவரிடம் இல்லை. இருந்தது கொஞ்சம் கடற்கரை நிலம், கூப்பிட்டுக் கொடுக்கிற மனசு. 600 பிள்ளைகள் வளர அது போதுமானதாக இருந்தது.