சென்னை முறை கண்ட பெல் பாதிரியார்

கல்வியிற் பின்தங்கிய மாணாக்கரைக் கைதூக்கி விடுவது எங்ஙனம் என்னும் வினா ஆசிரியருலகில் என்றும் ஓய்ந்ததில்லை. மாலைப்பொழுதில் ஆர்.எஸ்.புரத்து வீட்டுத் திண்ணையொன்றில் ஆசிரியர் நால்வர் கூடினால், அவர் பேச்சு விரைவில் இதனையே வந்தடையும். மேலிடத்தார் ஒரு திட்டம் வகுத்து அனுப்புகின்றனர். அதனை வகுப்பறையில் நிறைவேற்றும் பொறுப்போ ஆசிரியர் தலைமேல் ஏறுகின்றது. இவ்விடர் இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஏறக்குறைய 230 ஆண்டுகட்கு முன்னரே சென்னைமாநகரில் இது முளைத்தது. அதற்குக் காரணராயிருந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார்.

பெல் 1753-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டுச் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், முடிதிருத்துவோர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். அந்நகர்ச் சர்வகலாசாலையிற் பயின்று, அமெரிக்காவிலுள்ள வர்ஜினியா நாட்டிற் சில்லாண்டுகள் செல்வர் வீட்டுப் பிள்ளைகட்கு ஆசிரியராயிருந்தார். தாயகம் திரும்பிக் குருப்பட்டம் பெற்று, 1787-ஆம் ஆண்டு சென்னைத் துறையில் வந்திறங்கினார்.

அக்காலம் போர் நிறைந்த காலம். நம் கோயமுத்தூரும் மைசூர் அரசின்கீழிருந்து, 1791-இல் முற்றுகைக்குள்ளாயிற்று. அத்தகைய போர்களிலும் நோயிலும் மாண்ட ஐரோப்பியப் படைவீரரின் பிள்ளைகள் பலர் திக்கற்று நின்றனர். அவர்கட்கென 1789-இல் எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியும் பள்ளியும் ஏற்பட, பெல் ஊதியம் வேண்டாது அதன் மேற்பார்வையை ஏற்றார்.

பள்ளியின் நிலை அவர்க்குத் துயரந் தந்தது. கீழ்வகுப்புச் சிறுவர் மாதக்கணக்கிற் பயின்றும் எழுத்தறியாதிருந்தனர். ஒருநாள் அவர் குதிரைமேற் செல்லுங்கால், நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடமொன்றைக் கண்டார். சிறுவர் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பயின்றுகொண்டிருந்தனர். இதுவே தம் பிள்ளைகட்கேற்ற மருந்தென அவருள்ளம் துணிந்தது. கீழ்வகுப்பு ஆசிரியரை அழைத்து, அவ்வாறே கற்பிக்குமாறு கட்டளையிட்டார்.

ஆசிரியரோ அது நடவாதென்றார். பெல் மீண்டும் வற்புறுத்தியும் பயனில்லை. ஈற்றில், ஒரு படைவீரன் மகனாகிய ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்புவித்தார். அச்சிறுவன் மணலில் எழுத்துக்களைக் கற்பித்து வெற்றி கண்டான். அன்று தொடங்கி, கற்றவன் கல்லாதவனுக்கு அருகிருந்து சொல்லித்தரும் ஏற்பாடு பள்ளி முழுதும் பரவிற்று. நம் சட்டாம்பிள்ளை வழக்கத்தை இது ஒருவாறு ஒத்ததாகும். எந்தச் சிறுவனும் தன் தகுதிக்கு மேற்பட்ட வகுப்பில் திகைத்து நிற்கவில்லை, நாடோறும் அவன் கற்ற அளவு ஏட்டிற் குறிக்கப்பெற்றது, பிரம்படி அருகிற்று. அப்பள்ளியிற் பயின்ற வில்லியம் ஸ்மித் என்னும் இளைஞன் 1794-இல் திப்பு சுல்தான் முன்னிலையில் விஞ்ஞானக் கருவிகளை இயக்கிக் காட்டுமளவிற்கு உயர்ந்தான்.

எனினும், இவ்வரலாற்றுக்கு மறுபக்கமொன்றுண்டு. முன்பு கற்பித்துவந்த ஆசிரியர்கள் வெறுங் காவலராயினர். மறுத்த ஆசிரியரின் மறுப்பைப் பிடிவாதமென்றே பெல் கருதினார். தம் பிழைப்புக்கும் மதிப்புக்கும் அவர் அஞ்சியிருத்தல் கூடுமென்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

உடல்நலங் குன்றி 1796-இல் தாயகம் மீண்ட பெல், மறு ஆண்டு தம் சோதனையை நூலாக வெளியிட்டார். அது சென்னை முறை என்னும் பெயரால் இங்கிலாந்தெங்கும் பரவிற்று. அத்தகையதொரு முறையை நடத்திவந்த ஜோசப் லங்காஸ்டர் என்பாரோடு, முதற்கண் கண்டவர் யாரென்ற பூசலும் எழுந்தது. 1811-இல் ஆங்கிலத் திருச்சபையார் தேசீயக் கல்விச் சங்கம் நிறுவி, பெல்லின் முறையைத் தம் பள்ளிகள்தோறும் ஏற்றனர். ஆனால், எழும்பூரில் ஒருவர் கண்காணிப்பில் உயிரோடு விளங்கிய முறை, ஊர்தோறும் விதியாகச் சென்றபோது பல இடங்களில் பொருளறியாது ஒப்பிக்கும் இயந்திரமாயிற்று. நேற்றுக் கற்ற சிறுவன் இன்று கற்பிப்பது போதாதென உணர்ந்த ஆங்கில அரசினர், 1846-இல், தேர்ந்த ஆசிரியரின்கீழ் ஐந்தாண்டு பயிலும் மாணவ-ஆசிரியர் முறையை ஏற்படுத்தினர்.

அதனைக் காண பெல் இருந்திலர். 1832-இல் செல்டன்ஹாம் நகரில் உயிர்நீத்த அவருடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் பெற்றது. தம் பெருஞ்செல்வத்தைக் கல்விக்கே அவர் எழுதிவைத்தார். செயின்ட் ஆண்ட்ரூஸில் சென்னைக் கலாசாலை என்னும் பெயரோடு அப்பொருளால் எழுந்த பள்ளி இன்றும் நிலவுகின்றது. எழும்பூர்ப் பள்ளியோ, பிற்காலத்தில், மேட்டுப்பாளையம் வழியே நாம் ஏறிச்செல்லும் நீலகிரியில் லாரன்ஸ் பள்ளியோடு கலந்துவிட்டது.

நிற்க. தமிழ்நாட்டில் 2022-இல் கீழ்வகுப்பினர்க்கு எண்ணும் எழுத்தும் என்னும் திட்டமும், 2025-இல் 6 முதல் 9 வரையுள்ள வகுப்பினர்க்குத் திறன் என்னும் திட்டமும் வந்தன. எழுத்தறியாது மேல்வகுப்பேறும் பிள்ளையைக் கைவிடலாகாதென்னும் அவற்றின் நோக்கம் உயர்ந்ததே. ஆயினும், பதிவும் தேர்வும் கற்பிக்கும் பொழுதை விழுங்குகின்றன என்றும், தனியே பிரிக்கப்பட்ட பிள்ளை நாணிக் குன்றுகின்றான் என்றும், அவனுக்கு அடிப்படை புகட்டும்போது வகுப்புப் பாடம் பின்தங்குகின்றது என்றும் ஆசிரியர் கூறுகின்றனர். இவற்றைச் சோம்பலின் மொழியென ஒதுக்குவோர் பெல் செய்த பிழையையே செய்பவராவர். அவ்வாறே, இப்பிள்ளைக்கு ஏறாதென்று கைவிரிக்கும் ஆசிரியர் எழும்பூர் ஆசிரியரின் பிழையைச் செய்பவராவர்.

பிரிஸ்கனிடம் பயின்ற சிறுவர்க்கு எழுத்து வந்தது கட்டளையாலன்று. அருகே அமர்ந்து, அவர் விரலசைவை நாடோறும் நோக்கிய ஒருவன் இருந்தமையாலேயாம். அவ்வாறு அமரும் ஓய்வையும் உரிமையையும் ஆசிரியர்க்கு நல்காத திட்டம் எத்துணைச் சிறந்ததாயினும் ஏட்டளவில் நின்றுவிடும். நாளை ஆசிரியராகவும் அதிகாரிகளாகவும் விளங்கப்போகும் நம் கல்லூரி மாணாக்கர், இவ்விரு பிழைகளையும் நினைவிற் கொள்வாராக.