லாரி பேக்கர் - ஏழைக்கும் கிடைத்த ஆர்க்கிடெக்ட்

நம் கல்லூரியில் சிவில் படித்தவர்களிடம் யாராவது வந்து, வீட்டுச் செலவைக் குறைக்க வழி சொல்லுங்க சார் என்று கேட்டால், நாம் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: சதுர அடியைக் குறையுங்கள். முப்பது வருஷம் எஸ்டிமேட் போட்டே காலம் தள்ளிய நானும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். சதுர அடியில் கை வைக்காமல், சுவரிலும் கூரையிலும் செலவைக் குறைத்துக் காட்டிய ஒரு மனிதரைப் பற்றி எழுதட்டுமா என்று மலர்க்குழு நண்பர்களைக் கேட்டேன். தாராளமாக எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

லாரி பேக்கர் 1917 மார்ச் 2ஆம் தேதி இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தவர். 1937ல் ஆர்க்கிடெக்சர் படிப்பை முடித்தார். இளவயதிலேயே குவேக்கர் சபையில் சேர்ந்துவிட்டார். போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்பது அந்தச் சபையாரின் கொள்கை. அதனால் இரண்டாம் உலகப் போர் வந்தபோது ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்து சீனா போனார். அங்கே தொழுநோயாளிகள் மத்தியில் வேலை. உடம்பு கெட்டு ஊருக்குத் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் சில மாதம் காத்திருக்க வேண்டி வந்தது. காந்திஜியைச் சந்தித்தது அப்போதுதான். பேக்கர் காலில் கிடந்தது கந்தல் துணியில் சீன பாணியில் தைத்த செருப்பு. காந்திஜியின் பார்வை முதலில் அதன் மேல்தான் விழுந்ததாம். வீட்டுக்கு வேண்டிய சாமான்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்ற காந்திஜியின் எண்ணம் பேக்கர் மனதில் ஆழப் பதிந்துவிட்டது.

1945ல் அவர் இந்தியாவுக்கே வந்துவிட்டார். தொழுநோய்க்குப் புது மருந்துகள் வந்த நேரம் அது. நோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த பழைய விடுதிகளை ஆஸ்பத்திரிகளாக மாற்றிக் கட்டும் வேலை அவருக்கு. 1948ல் கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத்தை மணந்துகொண்டார். கல்யாணம் முடிந்து இமயமலைப் பக்கம் பித்தோராகட் போனவர்களை ஊர் ஜனங்கள் விடவில்லை. டாக்டரம்மா வந்திருக்கிறார் என்று செய்தி பரவி, வைத்தியத்துக்குக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. ஏறக்குறைய 16 வருஷம் அங்கேயே தங்கிவிட்டார்கள். அம்மா வைத்தியம் பார்த்தார், ஐயா ஆஸ்பத்திரி கட்டினார்.

என்னைக் கேட்டால் பேக்கருக்கு உண்மையான கல்லூரி பித்தோராகட்தான். பர்மிங்ஹாமில் படித்த பாடம் அந்த மலையில் எடுபடவில்லை. அந்த ஊர்க்காரர்கள் கல்லையும் மரத்தையும் மண்ணையும் வைத்து, குளிருக்கும் மழைக்கும் தோதாக, காலங்காலமாகக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களிடம் கைகட்டி நின்று தொழில் கற்றுக்கொண்டார் இந்த வெள்ளைக்கார ஆர்க்கிடெக்ட்.

1963ல் கேரளத்தின் வாகமண் மலைக்கு வந்தார்கள். 1970 வாக்கில் திருவனந்தபுரத்துக்குக் குடி பெயர்ந்தார்கள். நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில், மரங்களுக்கு நடுவே பேக்கர் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்ட வீட்டுக்கு ஹாம்லெட் என்று பெயர். அச்சுத மேனன் அப்போது முதலமைச்சர். பொருளாதார அறிஞர் கே.என்.ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு உள்ளூரில் கட்டடம் வேண்டியிருந்தது. அந்த வேலை பேக்கர் கைக்கு வந்தது.

1986ல் வேலை நிமித்தம் திருவனந்தபுரம் போனபோது அந்த வளாகத்தைச் சுற்றிப் பார்த்தேன். பூச்சு இல்லாத செங்கல் சுவர்கள். ஜன்னல் வர வேண்டிய இடத்தில் செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலி. வழியில் மரம் நின்றால் சுவர் வளைந்து விலகிப் போகிறது, மரத்தை வெட்டவில்லை. உச்சி வெயில் நேரம், உள்ளே மின்விசிறி ஓடவில்லை, ஆனாலும் உட்கார முடிந்தது. என்னோடு வந்த காண்ட்ராக்டர் நண்பர், பூச்சு வேலை எப்ப சார் முடியும் என்று அங்கிருந்தவரைக் கேட்டுவிட்டார்!

சிவில் படிக்காதவர்களுக்காக இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். முதலாவது ராட் டிராப் பாண்ட். வழக்கமாகச் செங்கல்லைப் படுக்க வைப்போம்; இதில் அதன் குறுகிய பக்கத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். 9 அங்குலச் சுவருக்குள்ளே எலிப்பொறி மாதிரி வெற்றிடம் விழும். நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், கலவையும் மிச்சம், உள்ளே நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும். இரண்டாவது ஃபில்லர் ஸ்லாப். கான்கிரீட் தளத்தில் அழுத்தத்தைத் தாங்குவது மேல்பகுதி. கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிதாக வேலை இல்லை. நாம் எல்லோரும் இரண்டாம் வருஷத்தில் படித்த பாடம்தான் இது! அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓட்டை வைத்தார் பேக்கர். சிமெண்ட் குறைந்தது, பாரமும் குறைந்தது. தியரியைப் பரீட்சைத் தாளில் எழுதியவர்கள் நாம், அதைக் கூரையில் ஏற்றியவர் அவர்.

அவர் தொழில் நடத்திய விதமும் அலாதி. பெரிய ஆபீஸ் கிடையாது. வந்த கவர்களின் பின்பக்கத்திலும் உதவாத காகிதத்திலும் படம் போடுவார். மீதி எல்லாம் சைட்டில், கொத்தனார்களோடு நின்று முடிவாகும். அவரிடம் பழகிய கொத்தனார்கள் பலர் பிறகு தாங்களாகவே அந்த முறையில் கட்ட ஆரம்பித்தார்கள். கட்டடச் செலவில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் வாங்குவது நம் தொழிலின் வழக்கம். செலவு ஏறினால் நமக்கு லாபம், குறைந்தால் நஷ்டம். பேக்கர் வாழ்நாள் முழுக்க இந்தக் கணக்குக்கு எதிர்த்திசையிலேயே நடந்தார். ஏழைக்கு ஒரு தரம், பணக்காரனுக்கு ஒரு தரம் என்ற பேச்சே அவருக்குப் பிடிக்காது. வசதி உள்ளவனும் வீணடிக்கக்கூடாது என்பார். பூந்துறையில் மீனவர்களுக்கு வீடு கட்டிய அதே கைதான் லயோலா பள்ளி சேப்பலையும் கட்டியது.

1985ல் அச்சுத மேனன், கே.என்.ராஜ், டி.ஆர்.சந்திரதத், பேக்கர் ஆகியோர் சேர்ந்து திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். லாபம் பார்க்காமல், சிக்கனக் கட்டட முறையைச் சாதாரண ஜனங்களிடம் கொண்டு போவது அதன் நோக்கம். கையெழுத்தும் கேலிப் படமுமாகச் சிறுசிறு புத்தகங்களைப் பேக்கரே எழுதி வரைந்து கொடுத்தார். அவர் மறைவுக்குப் பிறகும் காஸ்ட்ஃபோர்டு கட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

எல்லாம் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. அரசு இன்ஜினியர்கள் பலர் கடைசிவரை நம்பவில்லை. பூசாத சுவரை ஏழை ஜனங்களே தரித்திரத்தின் அடையாளமாகப் பார்த்தார்கள். அவர்கள் ஆசைப்பட்டது பக்கத்துத் தெருக்காரர் வீட்டைப் போன்ற வழுவழுப்பான கான்கிரீட் வீட்டுக்கு. பேக்கர் வீட்டை விரும்பிக் கேட்டு வந்தவர்களில் பேராசிரியர்களும் எழுத்தாளர்களும்தான் அதிகம். இதில் பேக்கர் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஏழைகளுக்கான ஒரு முறை, ஏழைகளுக்கே பிடிக்காமல் போவது எப்படி என்று நம் துறையில் இருப்பவர்கள் உட்கார்ந்து பேச வேண்டும்.

1990ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்குச் சற்று முன்புதான் இந்தியக் குடியுரிமையும் வந்து சேர்ந்திருந்தது. 2007 ஏப்ரல் 1ஆம் தேதி, 90 வயதில், திருவனந்தபுரத்திலேயே காலமானார்.

அந்தப் பக்கம் போகிற நம் செட் நண்பர்கள் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு அருகே உள்ள இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காபி சாப்பிட்டு வாருங்கள். செங்கல் கோபுரம், உள்ளே படியே கிடையாது. சுழன்று ஏறும் சரிவுப் பாதை நெடுக மேஜையும் பெஞ்சும். காபியைவிடக் கட்டடம் நன்றாக இருக்கும்.