பொறுப்பு ஓர் அமானிதம்

மேலாளர் நாற்காலியில் அமர்ந்துவிட்டால் நிர்வாகத் திறமை தானாக வந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளை அறிந்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். அங்கே மேற்பார்வையாளர் ஒருவரின் கவனக்குறைவு பல வீடுகளின் விளக்கை அணைத்துவிடும். அந்தச் சீமையில் பிறந்து, மாநிலத்தையே நிர்வகித்த ஒருவரின் வாழ்வைச் சற்றே சிந்தியுங்கள்.

1903 ஜூலை 15ல் விருதுநகரில் பிறந்த காமராஜர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். ஏடு தராத பயிற்சியைப் பொதுத்தொண்டும் சிறைவாசமும் தந்தன. 1936ல் சத்தியமூர்த்தி காங்கிரஸ் தலைவரானபோது அவர்கீழ்ச் செயலாளராக இருந்து கற்றார். 1940ல் தாமே மாகாணத் தலைவரானார்.

1941ல் அவர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும் அப்பதவியைத் துறந்தார். முழுமையாகக் கடமையாற்ற இயலாத பதவியை வைத்துக்கொள்வது முறையன்று என்பதே அவர் கருத்து. நிர்வாகத்தின் முதற்பாடம் இதுவன்றோ!

1954 ஏப்ரலில் முதலமைச்சரானார். தலைமைப் பதவிக்குத் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தம் சிறிய அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். பகையை நோக்கினாரில்லை, திறமையையே நோக்கினார். 1956ல் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டத்தில், நெ. து. சுந்தரவடிவேலு போன்ற கல்வித்துறை அதிகாரிகளிடம் பொறுப்பை நம்பி ஒப்படைத்தார். ஊர் மக்களையும் பங்காளிகளாக்கினார். பசித்த பிள்ளை படிக்காது என்பதை, படிப்பை இழந்த அவரைவிட யார் அறிவார்?

1963 அக்டோபர் 2ல், கட்சிப் பணிக்காகப் பதவியைத் தாமே விட்டு இறங்கினார். 1967 தேர்தலில் சொந்த ஊரிலேயே தோல்வி கண்டபோதும் மக்கள் தீர்ப்பை ஏற்றார். 1975 அக்டோபர் 2ல் காலமானபோது, அவர் தமக்கென்று சொத்து சேர்த்திருக்கவில்லை.

வாசகர்களே! உங்கள் கடையிலோ ஆலையிலோ நால்வர் உங்கள் சொல்லை எதிர்பார்த்து நிற்கலாம். அவர்களுடைய உழைப்பும் உயிரும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். முதலில் பிறர்கீழ் நின்று வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள்; மாற்றுக் கருத்துடையவரின் திறமையையும் மதியுங்கள்; தகுதியானவரிடம் பொறுப்பை நம்பி ஒப்படையுங்கள்; இயலாதபோது விலகவும் துணியுங்கள். இந்நான்கும் நம்மிடம் உள்ளனவா என்று இன்றே எண்ணிப் பார்ப்போமாக!